விருந்துப் பெட்டிக்குள் போன விண்ணப்பம்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர்,

தாங்கள் யாரென அறியாமலே இதனைத் தங்களுக்கு எழுதுகிறேன். வேலை நேரம் முன்கூட்டித் தெரியாமலிருப்பது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்பவர் உண்டு. நானும் முன்னொரு காலத்தில் அப்படிக் கேட்டிருப்பேன். காலை ஐந்து மணிக்கு வா என்றாலும் நண்பகலில் வா என்றாலும் அன்று எனக்கு வேறுபாடிருக்கவில்லை. என் மனைவி நோயில் விழுந்த பின்னர்தான், வீட்டு வாசலில் நான் நிற்க வேண்டிய நேரம் ஒன்று இந்த உலகத்தில் நிச்சயமாக உண்டு என்பதையும், அந்த நேரம் என் கையில் இல்லை என்பதையும் அறிந்தேன்.

நாங்கள் இருவரும் ஊரைவிட்டு வந்து குடியேறிய இந்தக் குளிர்நாட்டில், மில்லிக்கன் என்னும் பகுதியில், ஸ்ரீல்ஸ் வீதிக்குச் சற்றுக் கீழே, ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளமான பேஸ்மென்றில் வசிக்கிறோம். பக்க வாசலிலிருந்து எட்டுப் படிகள் இறங்க வேண்டும். சென்ற குளிர்காலத்தில் என் மனைவியைப் பாரிசவாதம் தாக்கியது. வலக்கை வழங்காமற் போனது. பேச்சும் போனது. அறிவு போகவில்லை என்பதை முதலில் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். எல்லாம் விளங்கும், எல்லாவற்றுக்கும் பதிலும் உண்டு. ஆனால் அந்தப் பதில் வாய்க்கு வந்து சேராது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது அவரிடம் எஞ்சியிருந்தவை மூன்று சொற்கள்: ஓம், இல்லை, விசர். பைத்தியம் என்று பொருள்படும் மூன்றாவதையே அதிகமாகப் பயன்படுத்தினார். பெரும்பாலும் என்னை நோக்கி.

நெடுநாட் காத்திருப்பின் பின்னர் ஒரு பயிற்சி நிலையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. செவ்வாயும் வியாழனும் காலையில் வான் வந்து ஏற்றிச் செல்லும்; நான் விடியவே வேலைக்குப் போகும் நாட்களில், மேல் வீட்டுக்காரர் தாம் வேலைக்குப் போகுமுன் அவரைப் படியேற்றி விடுவார். பேச்சுக்கும் கைக்கும் பயிற்சி கொடுத்து, பிற்பகல் மூன்றரை மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடும். நிபந்தனை ஒன்று இருந்தது. வாசலில் ஒருவர் நின்று அவரைப் பொறுப்பேற்க வேண்டும். ஒருவரும் இல்லையென்றால் சாரதி பத்து நிமிடம் பார்த்துவிட்டு அவரை நிலையத்துக்கே திருப்பிக் கொண்டுபோவார். அப்படி மூன்று முறை நேர்ந்தால் அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்திருப்பவருக்குப் போய்விடும். இதை அவர்கள் கடுமையாகச் சொல்லவில்லை. மிகவும் கனிவாகவே சொன்னார்கள். அதனால் எனக்குப் பயம் கூடிற்று.

நான் வேலை செய்வது பொதிகள் பிரிக்கும் நிலையமொன்றில். பெல்ற்றில் வரும் பொதிகளின் முகவரியைப் பார்த்து, மாகாணம் மாகாணமாகப் பிரித்து விடுவது என் பணி. அடுத்த கிழமைக்கான வேலை நேரம் ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஆறு மணியளவில் கைத்தொலைபேசிக் குரூப்பில் வரும். வந்தவுடன் எல்லோரும் பெருவிரல் உயர்த்திய படத்தைப் போட வேண்டும். அப்படியொரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை, ஆயினும் எல்லோரும் போட்டோம். பிந்திப் போடுபவருக்கு வரும் கிழமை மணித்தியாலங்கள் குறையும் என்று ஒரு பேச்சு உலாவியது. ஞாயிறு பூசை முடிந்து வீடு வந்ததிலிருந்தே என் மனம் ஆறு மணியை நோக்கி நகரத் தொடங்கிவிடும். சோற்றின் சுவை தெரியாது. மனைவி என் முகத்தையும் தொலைபேசியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அந்த மூன்றாவது சொல்லைச் சொல்வார்.

வேலை நேரம் செவ்வாய், வியாழனோடு மோதும் நாட்களில் யாரோடாவது மாற்றிக்கொள்வேன். முடியாதபோது பிக்கரிங்கில் இருக்கும் என் மகள் ரயிலைப் பிடித்து நேரத்துக்கு முன்பே வருவாள். அவளுடைய விடுமுறை நாட்களும் முடிந்து போயின. இளவேனில் தொடக்கத்தில் ஒரு வியாழன், லொறியொன்று பிந்தி வந்ததென்று எங்களை மேலும் இரண்டு மணித்தியாலம் நிற்கச் சொன்னார்கள். நான் நின்றேன். அன்று மாலை ஆறரை மணிக்குப் பயிற்சி நிலையத்துக்குப் போனபோது, என் மனைவி கழற்றாத குளிர்க்கோட்டுடன், மடியில் கைப்பையை வைத்தபடி, விளக்கணைத்த மண்டபத்தின் ஓரக் கதிரையில் இருந்தார். பஸ்ஸில் வரும்போது என் பக்கம் திரும்பவேயில்லை. அது முதலாவது முறை.

எங்கள் வேலையிடத்துச் சாப்பாட்டறைச் சுவரில், கோட்டுகள் தொங்கவிடும் கொளுக்கிகளுக்குப் பின்னால், அரசாங்க அறிவித்தலொன்று பல காலமாக ஒட்டியிருந்தது. ஒருவருடைய கோட்டை விலக்கினால்தான் அதை வாசிக்கலாம். மதிய இடைவேளைகளில் அதைச் சிறிது சிறிதாகக் கொப்பியில் பார்த்தெழுதி, வீட்டில் அகராதியை வைத்துப் பொருள் கண்டேன். எல்லாமாக எட்டு நாட்கள் சென்றன. அதில் இருந்த செய்தி இது: மாகாண எல்லைகளைக் கடந்து பொதி அனுப்பும் எங்களுடையது போன்ற நிறுவனங்களுக்கு மத்திய அரசின் தொழிற் சட்டமே பொருந்தும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த எவரும் தம் வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கலாம். நிறுவனம் முப்பது நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டதற்காக ஒருவரைத் தண்டிக்கலாகாது. வேலை நேரத்தைத் தொண்ணூற்றாறு மணித்தியாலத்துக்கு முன்னர் அறிவிக்க வேண்டும். அதற்குள் தொடங்கும் வேலையை, சில அவசர நிலைமைகள் தவிர, தொழிலாளி மறுக்கலாம். எங்கள் ஆலயத்தில் என் பக்கத்தில் இருக்கும் ஒருவர் தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவருடையது மாகாணச் சட்டம். அவருக்கு இந்த உரிமை இல்லை என்றும் விசாரித்து அறிந்தேன். எனக்கு உண்டு என்பதை நம்பவே சில நாட்கள் பிடித்தன.

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் மேற்பார்வையாளர் எங்களுடைய தீவுப்பகுதியைச் சேர்ந்தவர். இங்கே எங்கள் ஆலயப் பங்கைச் சேர்ந்தவருங்கூட. நல்ல மனிதர். அந்த மே மாதத்தில் அவருடைய மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கினாள். முதல் நன்மை என்று நாங்கள் சொல்லும் அந்த நாளுக்கு மண்டபம் எடுத்து விருந்து வைத்து, வேலையிலிருந்த தமிழர் எல்லோரையும் அழைத்திருந்தார். வேலையிடத்தில் அவரை நெருங்க முடியாது. காதில் எப்போதும் ஒரு கருவி, கையில் ஒரு பட்டியல், தலைக்கு மேல் கமரா. விருந்து நாளில் மனிதருடைய மனம் இளகியிருக்கும், ஊரவர் என்ற முறையில் தனியே இரண்டு வார்த்தை சொல்லி விண்ணப்பத்தைக் கையில் கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன். உரிமையாகக் கேட்கலாம் என்று எழுதியிருந்ததை எட்டு நாட்கள் பார்த்தெழுதியவன், அதைத் தயவாகக் கேட்கப் புறப்பட்டேன்.

ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். தாழ்மை, கருணை, இரக்கம், பெருந்தன்மை ஆகிய சொற்களுக்கு அகராதியில் கண்ட மிக உயர்ந்த சொற்களைத் தேர்ந்தேன். ஒரு வெள்ளைக் கவரில் அதை வைத்தேன். அதே கட்டிலிருந்து எடுத்த இன்னொரு வெள்ளைக் கவரில் பிள்ளைக்கான வாழ்த்து மட்டையையும் அன்பளிப்பையும் வைத்தேன். இரண்டிலும் பெயர் எழுதவில்லை.

மண்டப வாசலில் சரிகைத் துணி சுற்றிய பெட்டியொன்று இருந்தது. வருகிறவர்கள் அன்பளிப்புக் கவரை அதன் துவாரத்துக்குள் போட்டுவிட்டு உள்ளே போனார்கள். என் மனைவியை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் நானும் ஒரு கவரைப் போட்டேன். சாப்பாட்டின் பின்னர் மேற்பார்வையாளர் தனித்து நின்ற சமயம் பார்த்து மற்றக் கவரைக் கொடுத்தேன்.

"தம்பி, உதை ஆறுதலாப் பாருங்கோ. அவசரமில்லை."

"ஐயோ அங்கிள், உங்களுக்கேன் உந்தச் சிரமம்? நீங்கள் வந்ததே காணும். அன்ரி சாப்பிட்டவவோ?"

நான் நிம்மதியோடு வீடு வந்தேன். நாட்காட்டியில் அன்றைய நாளுக்குப் புள்ளியிட்டு, முப்பதாம் நாளைச் சுற்றி வட்டம் போட்டேன்.

ஐயா, அந்த முப்பது நாட்களை எப்படி விவரிப்பேன்? அவர் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தைப் பார்த்தேன். சிரித்தால் சம்மதம் என்றும், சிரிக்காவிட்டால் மேலிடத்தில் மறுத்துவிட்டார்கள் என்றும் எண்ணினேன். பத்தாம் நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேன்.

"தம்பி, நான் தந்த கவர்..."

"ஓம் அங்கிள், பாத்தனான். மனுசியும் பாத்தவ. பெரிய சந்தோசம்."

அவர் மனைவிக்கு இதில் என்ன சந்தோசம் என்று யோசித்தேன். என் மனைவியின் நிலையை எண்ணி இரங்கியிருப்பார் என்று முடிவு செய்தேன். அந்தளவுக்கு நம்பியிருந்தேன்.

பதினெட்டாம் நாள், ஒரு செவ்வாய், மீண்டும் என்னைக் கூடுதலாக நிற்கச் சொன்னார்கள். வாய் திறந்து மறுத்திருக்கலாம். விண்ணப்பம் மேலிடத்தில் இருக்கும்போது மறுப்புச் சொல்லி அதைக் கெடுத்துவிடக் கூடாதென்று நின்றேன். மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் கூட்டமொன்றில் இருந்தாள். அன்று மாலை பயிற்சி நிலையத்தின் பொறுப்பாளர் என்னைத் தனியே அழைத்து, இது இரண்டாவது முறை என்று நினைவூட்டினார். என் மனைவி அப்போதுதான் பத்துப் பன்னிரண்டு சொற்கள் சேர்த்திருந்தார். பால், கதவு, குளிர், பிள்ளை. இடம் போனால் அவை அத்தோடு நின்றுவிடும் என்று எண்ணியபடி, படியிறங்கும்போது அவர் கையை அளவுக்கு மீறி இறுகப் பிடித்தேன். அவர் அதைக் கவனித்தார்.

முப்பதாம் நாள் வந்தது, போனது. முப்பத்தோராம் நாள் நான் அலுவலகக் கதவைத் தட்டினேன். அங்கே பணியாளர் கோப்புகளைப் பார்ப்பவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஓர் இளம்பெண்.

"சார், உங்க பேர்ல லெட்டர் எதுவும் வரலையே. யார்கிட்ட குடுத்தீங்க?"

"மேற்பார்வையாளரிட்டக் குடுத்தனான் பிள்ளை."

"இங்கயா?"

"இல்லை. ஹோலில."

"எந்த ஹால் சார்?"

நான் விருந்தைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டு மேற்பார்வையாளரை அழைத்தார். அவர் வந்து நின்று, நான் சொன்னதைக் கேட்டு, நெற்றியைத் தடவினார்.

"அங்கிள், நீங்கள் என்ர கையில தந்ததுக்குள்ள பிள்ளைக்கு மட்டையும் காசுமெல்லோ இருந்தது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கையில் கொடுத்தது அன்பளிப்பு. பெட்டிக்குள் போட்டது விண்ணப்பம். அவர் உடனே தம் மனைவிக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"இஞ்சேரும், பெட்டிக்குள்ள ஒரு கடிதம் கிடந்ததோ? இங்கிலீசில?"

"ஓம், கிடந்ததே! ஆரோ பெயர் போடாமப் பிள்ளைக்குச் செபம் எழுதிப் போட்டிருக்கினம் எண்டு நினைச்சன். ரெண்டு வரி பாத்தன். கருணை, இரக்கம், தாழ்மை எண்டு கிடந்தது. மட்டைகளோட சேத்துப் பிள்ளையின்ர பெட்டியில வைச்சிட்டன். ஏன், ஆற்ற செபம் அது?"

மேற்பார்வையாளர் தொலைபேசியை அணைத்துவிட்டு நிலத்தைப் பார்த்தார்.

"அங்கிள், குறை நினையாதேங்கோ. வீட்டு விசேசத்தில தந்தா அது எனக்குத் தந்தது. இஞ்ச தந்தாத்தான் கொம்பனிக்குத் தந்தது. இஞ்ச தந்திருந்தா நான் மேல குடுத்தே ஆகவேணும்."

அவர் சொன்னது சரி. ஒரு மாதம் போயிற்று, ஒரு முறை போயிற்று, எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. முப்பது நாட் கணக்கு இனிமேல்தான் தொடங்கப் போகிறது.

என் கொப்பியில் கடிதத்தின் பிரதி இருந்தது. அந்தப் பெண் அதை வாங்கி முழுவதும் வாசித்தார்.

"சார், ரொம்ப அழகா எழுதிருக்கீங்க. ஆனா என்ன வேணும்னு எங்கயுமே இல்லையே. கடைசில, 'தாங்கள் என்ன தீர்மானித்தாலும் தலைவணங்கி ஏற்பேன்'னு வேற போட்டிருக்கீங்க. அப்புறம் அவங்க எதுக்கு தீர்மானிக்கணும்? எந்த நாள், எத்தனை மணி, எப்பலேர்ந்து, அதனால வேலை எப்படிப் பாதிக்கும், அதை எப்படிச் சமாளிக்கலாம். இது அஞ்சும் இருந்தா போதும்."

"தயவு செய்து எண்டாவது போடலாமோ பிள்ளை?"

"ஒரே ஒரு தடவை சார். அதுக்கு மேல வேண்டாம்."

அவருடைய மேசையின் ஓரத்தில் இருந்தே எழுதினேன். செவ்வாயும் வியாழனும் காலை ஐந்து மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் ஒரு மணிக்கு வேலை முடிய வேண்டும். ஒரு மணிக்குப் பின் என் பெல்ற்றில் ஆள் குறையும். விடியற்காலை ஆள் கிடைப்பதில்லை என்று தாங்களே சொல்வதால் அதை நான் ஈடு செய்வேன், சனிக்கிழமையும் வருவேன். இவ்வளவுதான். அரைப் பக்கம் நிறையவில்லை. இத்தனை சிறிய கடிதத்தை யார் மதிப்பார்கள் என்று எனக்கு ஐயமாகவே இருந்தது. அவர் அதில் கிடைத்த நாளுக்கான முத்திரையைக் குத்தி, பிரதியெடுத்து என் கையில் தந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு மாலை வேலை நேரம் வந்தது. செவ்வாய்க்கிழமை, நண்பகல் பன்னிரண்டு முதல் இரவு எட்டு வரை என்றிருந்தது. மாற்றிக்கொள்ள இருவரைக் கேட்டேன், முடியவில்லை. மகளும் வர முடியாதென்றாள். குரூப்பில் பெருவிரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. என் விரல் அந்தப் படத்தின் மேலே நின்றது. அதை அழுத்தினால் மூன்றாவது முறை. அழுத்தாவிட்டால் என்ன வருமென்று தெரியாது. இந்த வயதில் வேறொருவர் வேலை தருவாரா என்பதும் தெரியாது. என் மனைவி எதிரே கதிரையில் இருந்து என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அறிவித்தலில் இருந்த சொற்களை மாற்றாமல் எழுதினேன்: இந்த வேலை தொண்ணூற்றாறு மணித்தியாலத்துக்குள் தொடங்குகிறது, ஆகவே இதனை ஏற்க மறுக்கிறேன். அனுப்பினேன். குரூப்பில் பெருவிரல்கள் நின்றுபோயின. சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"அங்கிள், என்ன நீங்கள் குரூப்பிலயே போட்டிட்டியள்? எல்லாரும் பாக்கினம். எனக்குத் தனிய அடிச்சிருக்கலாமே."

"தனியத் தந்துதானே தம்பி போன முறை பெட்டிக்குள்ள போனது."

அவர் மூக்கால் சிரித்தது கேட்டது.

"சரி, விடுங்கோ. ஆரையும் பிடிக்கிறன். ஆனா இனி நாளைக்கு நாலு பேர் உதையே போடுவாங்கள், அதுதான் எனக்குத் தலையிடி."

செவ்வாய் பிற்பகல் மூன்று மணிக்கே நான் பக்க வாசலில் போய் நின்றேன். மூன்றரை ஆயிற்று. வான் வரவில்லை. மூன்றே முக்காலுக்கும் வரவில்லை. முன்னரே வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டதோ, பக்க வாசல் என்பதை மறந்து முன் வாசலில் பத்து நிமிடம் நின்றிருக்குமோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். முன் வாசலில் நின்றால் பக்க வாசல் தெரியாது, பக்க வாசலில் நின்றால் முன் வாசல் தெரியாது. இரண்டுக்கும் நடுவே வேலியோரம் நின்றேன். வேலையையும் விட்டுக்கொடுத்து இடத்தையும் இழந்தேனோ என்ற எண்ணம் வந்தபோது வீதிமுனைக்கு ஒருமுறை ஓடித் திரும்பினேன். நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வான் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. ஸ்ரீல்ஸ் வீதியில் விபத்தாம். சாரதி தாளை நீட்டினார், ஒப்பமிட்டேன். மனைவி என் முகத்தையும் வியர்வையையும் பார்த்துவிட்டு, "விசர்," என்றார்.

அதன் பின் வந்த நாட்களும் இலகுவானவையல்ல. ஞாயிறு தோறும் என் மணித்தியாலங்கள் குறைந்தனவா என்று பார்த்தேன். ஒரு கிழமை குறைந்திருந்தது. அது தண்டனையா, வேலைக் குறைவா என்று இன்றுவரை அறியேன். கேட்கவும் துணியவில்லை. இருபத்தாறாம் நாள் அலுவலகப் பெண் என்னை அழைத்து ஒரு கவரைத் தந்தார். அங்கேயே பிரிக்க மனம் வரவில்லை. பஸ்ஸில் அதை இரண்டு கைகளாலும் பிடித்தபடி வீடு வந்தேன்.

சாப்பாட்டு மேசையில் வைத்துப் பிரித்தேன். செவ்வாயும் வியாழனும் ஐந்து முதல் ஒரு மணி வரை, ஆறு மாதங்களுக்குச் சம்மதம், அதன்பின் மீளாய்வு என்றிருந்தது. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வாசித்தேன். ஆறு மாதம் என்ற இடத்தில் என் கண் நின்றது. முடியும் நாளை நாட்காட்டியில் தேடப் போனேன். கடிதத்தை எங்கே பத்திரமாக வைப்பதென்று அறையைச் சுற்றிப் பார்த்தேன்.

என் மனைவி அதற்குள் கடிதத்தை இடக்கையால் இழுத்தெடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வாய் ஒரு பக்கம் கோணியது. சொல் வரப்போகும்போது அப்படித்தான் கோணும். நான் காத்திருந்தேன்.

"பெட்டிக்க..." என்றார். மூச்செடுத்தார். "பெட்டிக்க... போடாதேங்கோ."

பாரிசவாதத்தின் பின் அவர் சொன்ன முதலாவது முழு வசனம் அது. சொல்லி முடித்துவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு என் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

இதை எழுதும் இந்நாளில் அந்த ஆறு மாதத்தில் மூன்று மாதம் கழிந்துவிட்டது. அடுத்த விண்ணப்பத்தை இப்போதே எழுதிக் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். அரைப் பக்கந்தான். அதில் 'தயவு செய்து' ஒரே ஒரு தடவை வருகிறது. என்னோடு வேலை செய்யும் மூவர் அதைப் பார்த்தெழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர்களுடைய பதில்கள் இன்னும் வரவில்லை. ஞாயிறு மாலைகளில் எனக்கு இன்னமும் சோறு இறங்குவதில்லை. கோட்டுகளுக்குப் பின்னால் இருந்த அறிவித்தலை யாரோ பெயர்த்துக் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். யாரென்று நான் விசாரிக்கவில்லை.

என் முதலாவது கடிதம் இன்றும் ஒரு பிள்ளையின் வாழ்த்து மட்டைகளுக்கு நடுவே கிடக்கிறது. அதைத் திருப்பிக் கேட்க எனக்கு வெட்கமாயிருக்கிறது. ஆகவே, ஐயா, அம்மையீர், இந்தக் கடிதத்தையாவது தாங்கள் பெற்றுக்கொண்ட நாளைக் குறித்து, ஓரிடத்தில் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.